பழைய பிக்கப் வண்டியை அன்றாட ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி: நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிச் சீரமைத்து, கடைக்கும் தோட்டத்துக்கும் வீட்டு வேலைகளுக்குமாக நாள்தோறும் ஓட்ட நினைப்பவர், விலை பேசுவதற்கு முன்பே அது இதுவரை என்ன லோடு ஏற்றியது என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருத்திவிடலாம். ஏற்றிய சரக்கு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் விட்டுச்சென்ற தடத்தை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் பெட்டி ஏற்றிய வண்டியில், ஐஸ் உருகிய உப்புநீர் தரைத் தகட்டின் சந்துகள் வழியே ஆண்டுக்கணக்கில் சொட்டி, பின் கிராஸ் மெம்பரையும் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) பிரேக் குழாய்களையும் அரித்திருக்கும். தூத்துக்குடி உப்பளத்து லோடு ஏற்றியதும் அப்படியே. களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றிய வண்டியில் சேசிஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஈரச்சருகு தங்கிய இடங்களில், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் தரைத் தகடு மட்டும் ஓட்டை விழுந்திருக்கும், அதை மாற்றுவது பெரிய வேலையல்ல. செங்கலும் ஜல்லியும் ஏற்றிய வண்டியில் துரு குறைவாகவும் முறிவு அதிகமாகவும் காணப்படும். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகளும், அவற்றின்மேல் அவசரத்தில் அடித்த வெல்டிங் தழும்புகளும் அதற்கு அடையாளம்.

பதிவெண்ணும் ஓரளவு கதை சொல்லும். டி.என். 69 என்றால் தூத்துக்குடியிலும், 72 என்றால் திருநெல்வேலியிலும், 74 என்றால் கன்னியாகுமரி மாவட்டத்திலும், 76 என்றால் தென்காசியிலும் முதலில் பதிவானது. கடற்கரை ஊர்களில் வாழ்ந்த வண்டியைவிட ஆலங்குளம், பாவூர்சத்திரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் காய்கறி லோடு ஓட்டிய வண்டிக்குத்தான் நான் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டேன்.

இன்னொன்றையும் விசாரித்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்தபோது மூழ்கிய வண்டிகள் ஏராளம், அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. சீட்டுக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டம், சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால் தெரியும் கடைசி முழம், டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள வயரிங் சாக்கெட்டுகள், ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் ஆகிய இடங்களில் நுண்ணிய வண்டல் படிந்திருந்தால், அந்த வண்டியின் வயரிங் முழுவதையும் மாற்றும் செலவைக் கணக்கில் கொண்டே விலை பேச வேண்டும்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு என் பரிந்துரை எளிது: நம் ஊர்ப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். 1988-இல் வந்த டாடாமொபைல் வரிசையைச் சேர்ந்த டாடா 207, மகிந்திராவின் 2,523 சி.சி. டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின் பூட்டிய பழைய பொலிரோ பிக்கப் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. டீசல் பம்ப் முழுவதும் எந்திர முறையில் இயங்கும் பழைய மாடல்களில் சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி என்று எதுவும் கிடையாது. நாங்குநேரி தாண்டி நடுவழியில் நின்றாலும் பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து ஓட வைத்துவிடுவார். அன்றாட ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டியைக் குழியின்மேல் நிறுத்தி, ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அடியில் இறங்குங்கள். சேசிஸின் இரு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை திருப்புளிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிப்பதோடு, செதில் செதிலாகத் துருவையும் உங்கள் முகத்தில் உதிர்க்கும். அந்த இடத்தில் திருப்புளி முனையை அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். பின் ஸ்பிரிங் பட்டையின் பின்முனை தொங்கும் ஷாக்கிள் பிராக்கெட், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டை, கேபின் உட்காரும் ரப்பர் மவுண்டுகளுக்கு மேலுள்ள தகடு ஆகிய மூன்றும் மண்ணும் ஈரமும் சேர்ந்து தங்கும் இடங்கள் என்பதால், அங்கே மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டே பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் சேசிஸைக் கண்டால் இரட்டிப்புக் கவனம் தேவை.

கேபினுக்கு ஒரு சிறு காந்தம் போதும். கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச், வைப்பர் கிண்ணத்தின் ஓரம் ஆகியவற்றில் மெல்லிய துணியைச் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால், ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகடு போய், ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது என்று பொருள்.

என்ஜினை அது குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டால், பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது) அதிகமுள்ள வண்டியில் அந்த வாயிலிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வரும். சைலன்சர் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது, விடாமல் வெள்ளையாக இருந்தால் டீசலைப் பீய்ச்சும் நாசில் அல்லது கம்ப்ரஷன் கோளாறு, வேகம் கூட்டும்போது மட்டும் கறுத்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரும் பம்ப் அளவும் சரிசெய்தாலே போதும். இயன்றால் மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளந்து பாருங்கள். எண்கள் எவ்வளவு என்பதோடு அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதும் முக்கியம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ஆவணம்

பிக்கப் சரக்கு வாகனம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. இதற்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த சரக்கு வாகனங்களின் எஃப்.சி. கட்டணம் பலமடங்கு உயர்ந்துவிட்டதால், அதை ஆண்டுச் செலவில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் கடன் வாங்கியிருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை தேவை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை என்பதால், இரு மாடல்களுக்கு இடையே தயங்கும்போது அந்த எண்ணையும் பாருங்கள். கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமமே 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்துக்கும் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது.

அலங்கார ஆசைகளுக்கு எல்லை வகுப்பது அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. சேசிஸை நீட்டுவது, இரட்டைக் கேபின் கட்டுவது, வேறு வண்டியின் என்ஜினை அனுமதியின்றிப் பூட்டுவது ஆகியவை எஃப்.சி. நாளன்றே சிக்கலில் நிறுத்திவிடும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிடவும் கூடும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் கனத்த இரும்புக் கம்பி கார்டு மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டது. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போய்வருபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வண்டி மாற்றங்களுக்கான சோதனை கடுமையானது.

வேலையின் வரிசை

பெயிண்ட் கடைக்கு முதலில் போகும் வண்டி பெரும்பாலும் அங்கேயே காசைத் தீர்த்துவிட்டு, பழைய பிரேக்குடன் சாலைக்கு வருகிறது. நிறுத்துவது, திருப்புவது, சூடேறாமல் ஓடுவது, வெளிச்சம் தருவது என்ற வரிசையில் வேலையை முடித்து, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே தகடு வேலையான டிங்கரிங்கில் கைவைக்க வேண்டும். வாங்கிய விலையில் பாதியையாவது இந்த முதற்கட்டத்துக்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்க இடமில்லை. வீல் டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டர்களின் ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றாமல் சிலிண்டரையே மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் துருவால் குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பரும் சில மாதங்களில் கிழிந்துவிடும். டிரம்மை லேத்தில் கடையும்போது அதன்மேல் பொறித்துள்ள அதிகபட்ச விட்டத்தைத் தாண்ட விடாதீர்கள். இரும்பு பிரேக் குழாய்க்குப் பதிலாகச் சாதாரணச் செம்புக் குழாயை வளைத்துப் போடும் பழக்கத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அதிர்வில் அது இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதை முழுவதும் வெளியேற்றிப் புதிது நிரப்பி, 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியில், அது இறுகிப்போனதும் பல பட்டறைகளில் அதை நீக்கி நேர்க்குழாய் போட்டுவிடுகிறார்கள். காலி வண்டியாக அதிகம் ஓடப்போகும் உங்களுக்கு அந்த வால்வு உயிர் காக்கும் பொருள். சாரல் நனைத்த சாலையில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பாமல் தடுப்பது அதுதான்.

ஸ்டியரிங்கைச் சோதிக்க முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் பிளே (தளர்வு) பேரிங், கிங் பின் அல்லது பால் ஜாயிண்டினுடையது. இருபக்கமும் பிடித்து ஆட்டினால் வருவது டை ராட் எண்டினுடையது. தேய்ந்தவற்றை மாற்றிய பிறகே வீல் அலைன்மென்ட் செய்வதில் பொருளுண்டு.

குளிர்விப்பு அமைப்பைப் பற்றி நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய ஒரு பழக்கம் இருக்கிறது. வண்டி சூடேறுகிறது என்று சொன்ன உடனே, “நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு அண்ணாச்சி, கழத்திப் போட்டுருவோம்” என்பார் மெக்கானிக். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் தனக்குரிய வெப்பத்தை அடைய நெடுநேரமாகும், அதுவரை ஆயில் சரியாக இளகாது, டீசல் முழுவதும் எரியாது, சிலிண்டர் தேய்மானமும் கூடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து சந்தைக்கு என்று சிறு சிறு தூரம் ஓடும் வண்டிக்கு இந்தக் கேடு இன்னும் அதிகம். சூடேறுவதற்கான உண்மைக் காரணங்கள் வேறு. இராதாபுரம், நாங்குநேரி வட்டாரத்து உவர்ப்பான போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் ரேடியேட்டர் குழல்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருக்கும். விசிறியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூண்டு எப்போதோ உடைந்து, அதைத் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்து, புது மூடி, புது ஹோஸ்கள், விசிறிக் கூண்டு ஆகியவற்றைப் பொருத்தி, கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து நிரப்புங்கள். கோடையில் கங்கைகொண்டான் பக்கம் நடுப்பகலில் லோடுடன் ஓடினாலும் வெப்ப முள் பாதியைத் தாண்டாது.

வயரிங்கில் ஒட்டுப்போடுவதைவிடப் புது ஹார்னஸ் (முழு வயர்க் கட்டு) வாங்கி மாட்டுவது முடிவில் மலிவு. ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு ஹாரன், ஒரு விளக்கு, ஒரு பாட்டுப் பெட்டி என்று டேப் சுற்றிச் சேர்த்த வயர்களே தீ விபத்துக்கு வழிவகுக்கின்றன. பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, முனைகளைப் பளபளவென்று தேய்த்துப் பூட்டினாலே பாதிக் கோளாறுகள் தீரும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் மங்கல் என்று அதிக வாட் பல்பு போடுவதால் சுவிட்ச்தான் உருகும். சட்டப்படியான 60/55 வாட் பல்பையே வைத்துக்கொண்டு, ரிலே மூலம் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் கண்கூடாகக் கூடும்.

சவாரி

அன்றாடம் ஓட்டுபவரின் முதுகைப் பாதிப்பது ஸ்பிரிங் பட்டை. காலி வண்டி குதிக்கிறதென்று ஒன்றிரண்டு பட்டைகளை உருவிவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் என்றாவது ஒருநாள் நெல் மூட்டையோ சிமென்ட்டோ ஏற்றும்போது எஞ்சிய பட்டைகள் முறியும். மாறாக, பட்டைக் கட்டு முழுவதையும் இறக்கி, சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பல ஆண்டு ஓடிய கட்டில், பட்டைகளுக்கிடையே துரு பொரிந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்; வழுக்கி வளைய வேண்டியவை ஒரே இரும்புக்கட்டியாக நிற்பதால்தான் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில் இடிக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, புது ஷாக்கிள் புஷ்களும் புது யூ போல்ட்டுகளும் போட்டுப் பூட்டி, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினால், வண்டியின் இயல்பே மாறிவிடும். டயர் காற்றையும் லோடுக்கு ஏற்பத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைக்க வேண்டும். காலியாக ஓடும்போதும் முழு லோடு அளவுக்கு அடைத்து வைப்பது வழுக்கவும் குலுக்கவும் செய்யும். பழைய டயர் வாங்க நேர்ந்தால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் மேல்தடத்துப் பொத்தான் ஆழம் எவ்வளவு இருந்தாலும் வெயிலில் பல ஆண்டு கிடந்த ரப்பரை நெடுஞ்சாலையில் நம்பக் கூடாது.

டிங்கரிங்கும் பெயிண்டும்

துருப்பிடித்த தகட்டின்மேல் பட்டி வைப்பது துருவை மூடி வளர்ப்பதாகும். நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அருகில் வேலையென்றால் டீசல் டேங்கை இறக்கி வைப்பதும் கட்டாயம். சேசிஸில் வெடிப்பு இருந்தால் அதன் நுனியில் சிறு துளையிட்டு வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகே பற்றவைக்க வேண்டும். இதை அனுபவமுள்ள லாரிப் பட்டறையில் மட்டுமே கொடுங்கள்.

சுத்தமான தகட்டின்மேல் எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் டூ-பேக் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்பது நம் வெயிலுக்கு நிலைக்கும் கூட்டு. சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் மலிவு, ஆனால் விரைவில் சாயம் வெளுக்கும். கூரைக்கு வெள்ளை அடித்தால் கேபின் வெப்பம் குறையும். பங்குனி, சித்திரை மாதங்களின் வறண்ட நாள்களில் பெயிண்ட் அடிப்பது சிறந்தது. தென்காசிப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் சாரலின் ஈரம் கெடுக்கும், அதே மாதங்களில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்று மண்ணை வாரிப் பூசிவிடும். சேசிஸின் உட்பகுதிக்குப் பழைய என்ஜின் ஆயிலைப் பீய்ச்சும் வழக்கத்தை விட்டுவிட்டு, அதற்கென்றே விற்கும் மெழுகுப் பூச்சைத் தெளியுங்கள். ஆயில் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். கதவின் அடியிலும் தொட்டித் தரையிலும் உள்ள நீர்வடிதுளைகளைப் பெயிண்ட் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது சிறிய வேலை, பயனோ பெரியது.

வசதிக்கான மாற்றங்கள்

சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியவை நிறையவே இருக்கின்றன. சீட் குஷனைப் பிரித்து அடர்த்தியான ஃபோம் வைத்துத் தைப்பது, தரைக்கும் என்ஜின் மூடிக்கும் அடியில் தார் ஷீட் ஒட்டி இரைச்சலையும் சூட்டையும் குறைப்பது, தொட்டித் தரையில் செக்கர் பிளேட் போட்டு அதன் விளிம்புகளில் தார்ப்பாய் கட்டக் கொக்கிகள் வைப்பது, கேபினுக்குப் பின்னால் பூட்டுடன் கூடிய கருவிப்பெட்டி ஒன்றைப் போல்ட்டால் பிணைப்பது ஆகியவை என் தேர்வு. ஏ.சி. பொருத்த விரும்பினால் ரேடியேட்டர் வேலை முடிந்து ஒரு கோடையைக் கடந்த பிறகு யோசிக்கலாம். தொட்டிக்கு மேல் உயரமான கூண்டு கட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. காவல்கிணறு, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணமான அதே காற்று, தென்மேற்குப் பருவத்தில் உயரமான காலி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். மழைக்குத் தாழ்வாக மடங்கும் வளைவுக் கம்பிகளும் தார்ப்பாயும் போதும். ஒளிரும் பட்டைகளும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் எஃப்.சி.யில் கேட்கப்படுபவை, பெயிண்ட் வேலையின்போது கழற்றியவற்றைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை உடனே தொலைவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை நெடுஞ்சாலை 44-இல் காலியாகப் போய்வந்து, நான்கு சக்கரங்களின் மையத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அடுத்து அரை லோடு ஏற்றி, புளியரையின் எஸ் வளைவுகளில் ஏறி, கியரைக் குறைத்து என்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். ஏற்றத்தில் வெப்ப முள்ளும், இறக்கத்தில் பிரேக் மிதியின் உயரமும் மாறாமல் இருக்க வேண்டும். முதல் 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கி, என்ஜின் பிரித்த வேலை நடந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள்.